விழுந்தால் சொல்லுங்கள்: சுவீப் ரிக்கற் கேள்விகள்

கேள்வி: எங்கட அப்பம்மா லொத்தரை இப்பவும் ‘ஆஸ்பத்திரிச் சுவீப்’ என்றுதான் சொல்லுவா. ஏன் அந்தப் பெயர்? இன்னொன்று, அரசாங்கமே சூது நடத்தலாமோ?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: அப்பம்மா சரியாகத்தான் சொல்கிறா. 1950களில் ஆஸ்பத்திரிகளுக்குக் காசு சேர்க்கவென்று விற்ற சுவீப் அது. பிறகு 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தோடு தேசிய லொத்தர் சபை வந்தது, ஆனால் பழைய ஆட்களின் வாயில் ஆஸ்பத்திரி மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவையானது. இதே இலங்கையில் 1844இல் வெள்ளைக்காரன் லொத்தரை ஒழிக்கவென்றே ஒரு கட்டளைச் சட்டம் போட்டான். அவன் ஊர்க் கதை வேறு: லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகம் தொடங்கவே 1753இல் லொத்தர் போட்டுத்தான் காசு திரட்டினார்கள், 1826இல்தான் அரச லொத்தருக்கு அங்கே மூடுவிழா. ஆக, நானோ நீங்களோ சொந்தமாக அச்சடித்து விற்றால் குற்றம், அரசாங்கம் தனக்கென்று ஒரு சட்டம் போட்டு விற்றால் அபிவிருத்தி. பகிடி இல்லை, அரசாங்கத்தின் மற்ற லொத்தர் சபையின் பெயரே அபிவிருத்தி லொத்தர் சபைதான். என்னைக் கேட்டால் இது ஒரு வரி, சனம் தேடிப்போய்ச் சிரித்துக்கொண்டு கட்டுகிற வரி. அதற்காகக் காசு முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். அபிவிருத்தி லொத்தர் காசு ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது, இதய சத்திரசிகிச்சைக்கு அங்கே விண்ணப்பித்து உதவி எடுத்த ஆட்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும்.

கேள்வி: மூன்று வருடமாக 7இல் முடிகிற மகாஜன சம்பத லொத்தர் ரிக்கற்தான் எடுக்கிறேன். ஒருநாள் பெரிசு விழாமலா போகும்?
(வாசகர், கொக்குவில்)

பதில்: கடைசி இலக்கம் 7 சராசரியாகப் பத்துத் தரத்துக்கு ஒருதரம் வரும், அதற்குரிய சின்னப் பரிசு உங்களுக்கும் கிடைத்திருக்கும், அந்த ருசியில்தானே திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள்! பெரிசு வேறு கணக்கு. ரிக்கற்றில் உள்ள ஓர் ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அத்தனையும் பொருந்தவேண்டும். 26ஐப் பத்து இலட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், 2 கோடியே 60 இலட்சம் சேர்க்கை வரும். ரிக்கற் 40 ரூபா என்றால் எல்லாவற்றையும் வாங்க 104 கோடி ரூபா வேண்டும். மூன்று வருடம் காத்திருந்தீர்கள் என்பது உள்ளே உருளுகிற பந்துக்குத் தெரியாது, நேற்று என்ன விழுந்தது என்பதே அதற்குத் தெரியாது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் நின்று பாருங்கள். ஒருவர் ரிக்கற் கட்டு முழுவதையும் விரிக்கச் சொல்லி, பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, கடைசியில் முதலில் கையில் எடுத்ததையே வாங்கிக்கொண்டு போவார். விற்கிறவர் வாய் திறக்கமாட்டார், அவருக்குப் பழக்கம். சும்மா நினைக்காதீர்கள் இந்த விற்பனையாளர்களை. 2017இல் 20 ரூபா ரிக்கற்றை 30 ஆக்கியபோது விற்க மறுத்து நின்றார்கள், விலை திரும்ப 20க்கு இறங்கியது. 2023இல் 40 ஆக ஏறியது, அது இறங்கவில்லை.

கேள்வி: சென்னையில் இருக்கிற மச்சான் ‘இங்கே லாட்டரியே இல்லை’ என்கிறான். உண்மையோ?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: உண்மை. அங்கே 1968இல் அண்ணா ஆட்சியில் அரசே தொடங்கியது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று விளம்பரம் வேறு. கூலிக்காசு முழுக்க அதில் போகிறது என்ற முறைப்பாடு பெருகி 2003 ஜனவரியில் முற்றாகத் தடை. 1998ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஒரு மாநிலம் மற்ற மாநிலத்து ரிக்கற்றையும் தடுக்க இடம் கொடுக்கிறது. எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் 1967இல் தொடங்கியது இன்றைக்கும் நடக்கிறது. மச்சானுக்கு ஆசையென்றால் பாலக்காட்டுக்கு ரயில் இருக்கிறது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் எனக்கு 25 இலட்சம் விழுந்ததாகச் செய்தி. முதலில் ‘வரிக்காசு’ அனுப்பட்டாம். அனுப்பவோ?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: ரிக்கற் எடுத்தீர்களோ அக்கா? எடுக்கவில்லையே, பிறகெப்படி விழும்! 2017ஆம் ஆண்டு இறைவரிச் சட்டத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசுக்கு 14 வீத வரி வந்தது மெய்தான், ஆனால் அதைப் பரிசுக் காசிலிருந்தே கழித்துவிட்டுத் தருவார்கள், உங்களிடம் முன்காசு கேட்கமாட்டார்கள். அந்த நம்பரை உடனே தடுத்துவிடுங்கள்.

மெய்யாக ரிக்கற் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். வாங்கின கையோடு பின்பக்கம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கள். பரிசு கேட்க ஆறு மாதம்தான், ஆகவே போன மாரியில் போட்ட சட்டைப் பையையும் ஒருக்கால் தடவிப் பாருங்கள்.