கடுமையாக உதைக்கும் ரிவால்வரில் எந்த ஸ்கோப் நின்றுபிடிக்கும்? எப்படிப் பூட்டுவது?

டெக்சாஸில் இருக்கும் அண்ணன் .44 மேக்னம் என்ற பலமான தோட்டா போடும் ரிவால்வரோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறார், அடுத்தடுத்துப் பூட்டிய ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) எல்லாம் குறி தவறிப் போகிறது, உறுதியானது எது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன ஸ்கோப், என்ன விலை என்று எழுதவில்லை. ரைஃபிளுக்கென்று செய்ததை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் கோபிக்க வேண்டாம்.

இலங்கையின் ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு ரிவால்வரைப் பற்றி என்ன தெரியும் என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள். மனைவியின் தாதி வேலையால் சில வருடங்கள் டெக்சாஸில் இருந்தோம். அங்கே துவக்கு திருத்தும் கடை ஒன்றின் பின்கட்டில் லேத்தும் டிரில்லும் என் பொறுப்பு. திரும்பி வந்த பிறகு அந்த வேலையைத் தொட்டதில்லை. இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் விளையாட முடியாது. கனடாவில் இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், அங்கே 2022 ஒக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி விற்பனையே முடக்கம். அண்ணனுக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் சொல்கிறேன்.

முதலில் ஸ்கோப் கம்பனியைத் திட்டுவதை நிறுத்துங்கள். நான் பார்த்தவரை ‘ஸ்கோப் செத்துப்போச்சு’ என்று கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் ஸ்கோப் உயிரோடுதான் இருந்தது. பிடித்திருந்த வளையம்தான் வழுக்கியிருந்தது.

சுடும்போது துவக்கு பின்னால் பாய்கிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துவக்கை வைத்துப் பார்த்தால், ஸ்கோப் முன்னால் ஓடப் பார்க்கிறது என்று அர்த்தம். அதை இழுத்துப் பிடிப்பது வளையமும் சின்னச் சின்ன ஸ்குருவும் மட்டும். ஸ்கோப்பின் பாரம் கூடக் கூட ஸ்குருவுக்கு விழும் அடியும் கூடும். ரைஃபிள் நாலு கிலோ பாரத்தோடு தோளில் சாய்ந்து உதைக்கும். ரிவால்வர் ஒன்றரைக் கிலோதான், வெடித்தவுடன் வாயையும் மேலே தூக்கும்.

ஆகவே பாரம் குறைந்ததாக, ஒரே உருப்பெருக்கம் உள்ளதாகப் பாருங்கள். லூபோல்ட் கம்பனியின் கைத்துப்பாக்கி ஸ்கோப் 2x20 (இரண்டு மடங்கு) சுமார் 170 கிராம்தான், பழையது கிடைத்தாலும் எடுக்கலாம். பரிஸ் கம்பனியின் 2-7x32 (இரண்டிலிருந்து ஏழு மடங்கு வரை) நல்ல சாமான், ஆனால் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம், உள்ளே அசையும் பாகமும் அதிகம். எழுபது எண்பது யார் தூரத்துக்குள் பன்றி சுட ஏழு மடங்கு எதற்கு? ரைஃபிள் ஸ்கோப் வேண்டவே வேண்டாம். அது கண்ணிலிருந்து மூன்று நான்கு அங்குலத்தில் வைத்துப் பார்க்கச் செய்தது. கை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, தெரியட்டும் என்று கிட்டே கொண்டுவந்தால் புருவம் கிழியும். அண்ணனுக்கு வயது கூடிக் கண் மங்கல் என்றால் சிவப்புப் புள்ளி ஸ்கோப் போதும். ஏம்பொயின்ட் மைக்ரோ போன்றவை நூறு கிராம் அளவுதான், கண் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இனி பூட்டும் கதை. ஒரு பண்ணைக்காரர் தாம்சன் சென்டர் கன்டெண்டர் கொண்டுவந்தார். ஒற்றைக் குண்டுக் கைத்துப்பாக்கி, .45-70 என்ற ரைஃபிள் தோட்டாவுக்கான குழல், கையில் பிடித்துச் சுட்டால் மணிக்கட்டு கேள்வி கேட்கும். மூன்றாவது ஸ்கோப்பும் போய்விட்டது, கம்பனிக்கே திருப்பி அனுப்புங்கள் என்றார். முதலாளி பார்சல் கட்டச் சொன்னார். நான் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முன் வளையத்தை ஒட்டி, அதற்கு முன்னால், கறுப்புப் பூச்சு தேய்ந்து ஒரு நெல்மணி நீளத்துக்கு வெள்ளிக் கோடு. பின் வளையத்தின் முன்னாலும் அதே நீளம். வளையத்தைக் கழற்றினால் உள்ளே துவக்கு எண்ணெய் பளபளவென்று இருக்கிறது! துருப்பிடிக்கக் கூடாதென்று மனிதர் எல்லா இடத்திலும் தடவியிருக்கிறார். பேஸை, அதாவது துவக்கில் பூட்டி அதன்மேல் வளையங்களை உட்காரவைக்கும் தகட்டை, பிடித்த 6-48 அளவு ஸ்குரு இரண்டு வளைந்திருந்தன.

பார்சல் வேண்டாம், ஒரு வாரம் தாருங்கள் என்றேன். ஓட்டைகளை அடுத்த பெரிய அளவான 8-40 ஸ்குருவுக்குப் பெருப்பித்து, மூன்று வளையம் உள்ள பேஸ் போட்டேன். வளையங்களின் உட்பக்கத்தை உருளையில் உலோகம் தேய்க்கும் மாவு தடவித் தேய்த்து நேராக்கினேன். எல்லாவற்றையும் அசிட்டோனால் துடைத்து எலும்பு போலக் காயவைத்தேன். பேஸில் வெட்டிய பள்ளத்தில் வளையத்தை முன்பக்கம் தள்ளி முட்டவைத்துத்தான் இறுக்க வேண்டும், இடைவெளி விட்டால் ஒவ்வொரு வெடிக்கும் அது ஓடி வந்து மோதும். பேஸ் ஸ்குருவுக்கு மரை தளராமல் பிடிக்கும் நீல லொக்டைட் பசை ஒரு துளி. சிவப்புப் போடாதீர்கள், கழற்றச் சூடாக்க வேண்டி வரும். வளைய ஸ்குருவை டோர்க் சாவியால் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்ட், மாறி மாறி. முழு பலத்தையும் காட்டினால் டியூப் நெளிந்து உள்ளே இருப்பது இறுகிவிடும். அதே ஸ்கோப்தான், அதற்குப் பிறகு அசையவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரத்திலிருந்து ஸ்கோப் வேலை எல்லாம் என் மேசைக்கு வந்தது.

இது நான் டெக்சாஸில் படித்ததல்ல. அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஃபிட்டர். ரோலரும் சல்லடையும் நாள் முழுக்க அதிர்ந்தால் எந்த நட்டும் தளரும். அவர் இயந்திரத்தைக் காக்கும் சாமியான ரோதை முனிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இறுக்கியபின் நட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்துச் சோக்கால் ஒரு கோடு இழுப்பார். காலையில் கோடு பிரிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. அந்த மனிதருக்குக் கடைசி வரை ஒரு சான்றிதழ் கிடையாது. நான் பட்டறைக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் காணி உறுதி கேட்டார்கள். மூன்று தலைமுறையாக இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, எங்கே உறுதி? நிலம் தோட்டத்தின் பெயரில். ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறவர்கள் பேப்பரைக் காட்டினால் நன்றாக இருக்கும். சரி, இது உங்கள் கேள்வி அல்ல.

அண்ணனுடையது ரூகர் சூப்பர் ரெட்ஹோக் என்றால் அதிர்ஷ்டம், வளையம் உட்காரும் பள்ளம் சட்டகத்திலேயே வெட்டியிருக்கும், தனி பேஸும் அதன் ஸ்குருவும் தேவையில்லை. வேறு ரகம் என்றால் பேஸ் ஸ்குருவிலிருந்து தொடங்கட்டும். புதிய ஸ்கோப்புக்குக் காசு போடுமுன் இப்போது இருப்பதில் வளையத்தின் முன்னால் வெள்ளிக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், குண்டைக் கழற்றிவிட்டுத்தான். இருந்தால் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, ரிவால்வரின் பெயரோடு கீழே போடுங்கள். எத்தனை வளையம், எந்த பேஸ் என்று சொல்கிறேன்.