மயிரிழைக்கும் ஓர் அகலம் உண்டு

கேள்வி: 2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியில் நியூசிலாந்தும் விம்பிள்டன் டென்னிஸ் இறுதியில் ஃபெடரரும் மயிரிழையில் தோற்றதை, சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான். அந்த வார இறுதியில் உங்கள் நினைவில் நிற்கும் ஆட்டம் எது?

பதில்: 'மயிரிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுச் செய்தி எழுதும் எங்கள் உதவி ஆசிரியர்கள் இதழுக்கு ஒரு முறையாவது இந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைப்பதும், நான் சிவப்பு மையால் அடிப்பதும், அடுத்த இதழில் அது மீண்டும் முளைப்பதுமாகப் பல ஆண்டுகளாக எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. மயிரிழை எவ்வளவு மெல்லியதானாலும் அதற்கும் ஓர் அகலம் உண்டு. லார்ட்ஸில் அந்த அகலம் எங்கே இருந்தது? ஐம்பது ஓவர் முடிவில் 241க்கு 241, சமநிலையை உடைக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவரில் 15க்கு 15. இரண்டு முறை தேடியும் மயிர் அகப்படாததால் பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்தின் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். ரன்கள் சமமானால் குறைந்த விக்கெட் இழந்தவரே வென்றவர் என்னும் வழக்கம் கிரிக்கெட்டில் முன்பு இருந்ததுதான். நியூசிலாந்து இழந்தது எட்டு, இங்கிலாந்து இழந்தது பத்து. பவுண்டரி எண்ணும் விதியை சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டது, மொட்டையடித்து அனுப்பிய பின் சீப்பு வாங்கிக் கொடுத்ததைப் போல.

கடைசி ஓவரில் 3 பந்துகளில் 9 ரன்கள் தேவைப்பட்டபோது நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்து விழுந்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. அவர் மண்டியிட்டபடியே இரு கைகளையும் உயர்த்தி மன்னிப்புக் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. நடுவர்கள் ஆறு ரன்கள் கொடுத்தார்கள். பந்தை எறிந்த கணத்தில் மட்டையாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை என்பதால் விதிப்படி அது ஐந்துதான், அடுத்த பந்தை எதிர்கொண்டிருக்க வேண்டியவரும் ஸ்டோக்ஸ் அல்ல, மறுமுனை மட்டையாளர் ரஷீத்தான் என்று முன்னாள் நடுவர் சைமன் டௌஃபல் பின்னர் சொன்னார். கைதவறிய அந்த ஒரு ரன் ஒன்றும் மயிரிழையல்ல, கயிறு.

நான்கு நாட்களுக்கு முன் அரையிறுதியில் தோனியை ரன் அவுட் ஆக்கிய அதே கப்டில், சூப்பர் ஓவரின் கடைசிப் பந்தில் தானே ரன் அவுட் ஆனார். இதைத் 'தோனி ரசிகர்களின் சாபம்' என்று விளக்கும் வாசகர்களோடும் எனக்குப் பழைய பகை உண்டு. அத்தனை சக்தி வாய்ந்த சாபம் நான்கு நாட்கள் முன்னதாகவே அவருடைய குறியைத் தவறச் செய்திருக்கக் கூடாதா?

ஃபெடரர் விஷயத்தில் உங்கள் சொல் இன்னும் மோசமாகப் பொய்க்கிறது. 4 மணி 57 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 218, எதிராளி ஜோகோவிச் எடுத்தவை 204. எதிராளி தொடமுடியாத சர்வுகளான ஏஸ்கள் 25க்கு 10. முன்னால் நின்றவர்தான் தோற்றார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்ற நிலையில், சர்வும் தம் கையில் இருக்க, பட்டத்துக்கு ஒரு புள்ளிதான் பாக்கி, வாய்ப்புகளோ இரண்டு. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போயிற்று. இரண்டாவதில் வலையை நோக்கி வந்தவரைக் கடந்து ஜோகோவிச்சின் பந்து குறுக்கே பறந்தது. பிறகு 12-12இல், அந்த ஆண்டுதான் கடைசி செட்டுக்கு விம்பிள்டன் புகுத்தியிருந்த, செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக்கர் வந்தது. ஆட்டத்தின் மூன்று டை-பிரேக்கர்களையும் ஜோகோவிச்சே எடுத்தார். எத்தனை புள்ளிகள் என்பதல்ல, எந்தப் புள்ளிகள் என்பதே டென்னிஸின் கணக்கு. இதில் எனக்குப் புகார் இல்லை, ஏனெனில் இந்த விதி இருவருக்கும் முதல் சர்வுக்கு முன்பே தெரியும். பவுண்டரி விதியும் முன்பே எழுதப்பட்டதுதானே என்று நீங்கள் மடக்கலாம். எழுதப்பட்டதுதான், ஆனால் பவுண்டரி அடிக்காமல் ஓடியே எடுத்த ரன் மட்டமான ரன் என்று ஸ்கோர்போர்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

வார இறுதி என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமையை நீங்கள் மறந்தே போனீர்கள். அன்று விம்பிள்டன் மகளிர் இறுதியில் சிமோனா ஹாலெப், தம் 24ஆவது கிராண்ட்ஸ்லாம் பட்டத்தைத் தேடி வந்த செரீனா வில்லியம்ஸை 6-2, 6-2 என்று 56 நிமிடங்களில் வீழ்த்தினார். ஆட்டம் முழுவதிலும் ஹாலெப் தாமாகச் செய்த பிழைகள் மூன்றே மூன்று. எங்கள் உதவி ஆசிரியருக்கு அன்று எழுதச் சொல் கிடைக்கவில்லை, எனக்கு அடிக்க எதுவும் இல்லை. என் நினைவில் நிற்பது அந்த ஆட்டந்தான்.