பதில்: யாழ்ப்பாணம் கொக்குவிலில் குடிவெறியில் மோட்டார்சைக்கிள் ஓடிப் பிடிபட்டேன், இனி என்ன?

தம்பி, பொலிஸ் பிணையில் விட்டுவிட்டார்கள், தண்டத்தைத் தபாற்கந்தோரில் கட்டினால் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவராது. இது நீதிமன்றத்துக்குப் போகிற குற்றம், அங்கே நீங்களே நிற்க வேண்டும். தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை வரும், அப்புறம் அலைச்சல் இரண்டு மடங்கு. "ஆளைத் தெரியும், கொடுத்து முடிக்கலாம்" என்று யாராவது வந்தால் தலையாட்டாதீர்கள். இலஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம்.

முதல் வேலை, ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். மதுவைச் சோதிக்கும் கருவியில் எத்தனை மணிக்கு ஊதினீர்கள், வைத்தியரிடம் காட்டினார்களா, எதில் கையெழுத்து வாங்கினார்கள், எல்லாவற்றையும் மறக்கமுதல் எழுதி அவரிடம் கொடுங்கள். இலங்கையில் சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். "இரண்டு பியர்தானே" என்ற கதை எடுபடாது. சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தினால், சந்திக் கடைக்குக்கூட மோட்டார்சைக்கிளை எடுக்காதீர்கள்.