‘அதான் டிப்ஸ் வருதே’ என்று முதலாளி சொன்னால்

கேள்வி: எனக்குக் கம்பம். நாலு வருஷமாகக் குமுளியில், தேக்கடி போகும் ரோட்டில் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருக்கிறேன். சம்பளம் கூட்டிக் கேட்டால் ‘அதான் டிப்ஸ் வருதே’ என்கிறார் முதலாளி. பில்லில் 5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்கள். அதில் எங்களுக்கு ஒரு பைசா வந்ததில்லை. போன மாதம் ஓர் அமெரிக்கத் தம்பதி கார்டில் பணம் கட்டும்போது எனக்கென்று சொல்லி 600 ரூபாய் சேர்த்துப் போட்டார்கள். அதுவும் கல்லாவோடு நின்றுவிட்டது. அதே வாரம் ஜப்பானிலிருந்து வந்த நாலு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு, குனிந்து வணங்கிவிட்டு, ஒன்றும் வைக்காமல் போனார்கள். நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? இதில் எனக்கு என்ன உரிமை? புகார் கொடுப்பதென்றால் தேனியிலா, இடுக்கியிலா?

பதில்: தம்பி, ஜப்பான்காரர்கள் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மனசை அரிப்பது அதுதான் என்று தெரிகிறது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஜப்பானில் டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. மேசையில் காசை விட்டுவிட்டு எழுந்தால், மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று பரிமாறியவரே பின்னால் ஓடிவந்து கொடுப்பார். நல்லபடி கவனிப்பது சாப்பாட்டு விலைக்குள்ளேயே அடங்கியது என்பது அவர்கள் எண்ணம். உங்களுக்குத் தரவேண்டிய மரியாதையை அந்த வணக்கத்திலேயே முழுசாகத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அமெரிக்கர் கதை வேறு. பில்லில் 15, 20 சதவீதம் வைப்பது அவர்களுக்குக் கிட்டத்தட்டக் கடமை. அங்கே சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு கூடவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991 முதல் அப்படியே கிடக்கிறது. மிச்சம் டிப்ஸில் வந்து நிரம்ப வேண்டும். ஆக, மேசையில் வைக்கும் பணம் பரிமாறுபவரின் கூலியில் ஒரு பங்கு என்று தெரிந்தே வாடிக்கையாளர் வைக்கிறார். கலிபோர்னியா, வாஷிங்டன் உள்பட 7 மாநிலங்கள் இப்படி டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைப்பதை ஏற்காமல், முழுக்கூலியையும் முதலாளியே தரவேண்டும் என்று வைத்திருக்கின்றன.

உங்கள் முதலாளி சொல்லும் நியாயம் இந்த அமெரிக்க ஏற்பாட்டின் பாதிதான். மறுபாதியையும் அவர் காதில் போட வேண்டும். டிப்ஸ் சேர்ந்தும் 7.25 எட்டவில்லை என்றால் குறைவதை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும். முதலாளியோ மேனேஜரோ தொழிலாளிக்கு வந்த டிப்ஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் அங்கே சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் டிப்ஸ் முழுவதும் தொழிலாளிக்கே போகவேண்டும் என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தியாவில் டிப்ஸுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. ஆனால் கூலியில் டிப்ஸைக் கழிக்கும் ஏற்பாடும் நம் சட்டத்தில் கிடையாது. கூலி என்பது முதலாளி உங்களுக்குப் பட்ட கடன். டிப்ஸ் மூன்றாம் மனிதர் மனமுவந்து கொடுப்பது. ஒருவர் கொடுத்த அன்பளிப்பைக் காட்டி இன்னொருவர் தன் கடனைக் கழித்துக்கொள்ள முடியாது. இது என் சொந்த நியாயம் மட்டுமில்லை. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் காரணம் காட்டிப் பஞ்சப்படியை மறுக்க முடியாது என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016இல், ஓட்டல்களும் நடத்தும் ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: டிப்ஸ் சம்பளம் ஆகாது, கார்டு வழியாக வந்த டிப்ஸை ஓட்டல் தொழிலாளிக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வரிக்காக வந்த தீர்ப்பு என்றாலும் உங்கள் 600 ரூபாய் யாருடையது என்பதற்கு அதைவிட நல்ல வாதம் கிடைக்காது. அந்த பில்லின் நகலையோ தேதியையோ இப்போதே குறித்து வையுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று கொடுத்த வழிகாட்டுதல்படி, ஓட்டல் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பேரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வழிகாட்டுதலைச் சரி என்றது. வாடிக்கையாளர் 1915க்குப் போன் செய்தால் சிக்கல் உங்கள் முதலாளிக்குத்தான். இதில் உங்களுக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற வரியைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் அது உங்களுக்கே வருகிறது என்று நம்பி, வைக்க எடுத்த பணத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். நம்மூர் ஆட்கள் சிலர் ஜிஎஸ்டியைக் கூட அப்படி நினைக்கிறார்கள். யாராவது கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

என் அப்பா போடியில் ஓட்டலில் இலை போட்டவர். சோம்புத் தட்டில் மிஞ்சிய சில்லறைதான் எங்கள் வீட்டுப் பால் கணக்கு. இன்று பாதிப் பேர் கல்லாவில் ஒட்டியிருக்கும் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். சில்லறை என்ற ஒன்றே மேசைக்குத் திரும்பி வருவதில்லை. ‘டிப்ஸ் வருதே’ என்ற பேச்சை நான் கொஞ்சமும் பொறுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எல்லைக் கேள்வி. வீடு கம்பத்தில் இருந்தாலும் வேலை நடக்கும் இடம் குமுளி என்பதால் கேரளத்துக் கணக்குதான். ஓட்டல் தொழிலுக்கு கேரள அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியில், வேலைத் தரத்துக்கு ஏற்ற அடிப்படைச் சம்பளமும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறும் பஞ்சப்படியும் உண்டு. தமிழ்நாட்டுத் தொகையை வைத்து ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். இடுக்கி மாவட்டத் தொழிலாளர் துறையில் இன்றைய தொகையைக் கேட்டு வாங்குங்கள். தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. பெரும்பாலான ஓட்டல்களில் முதலாளி தரவேண்டிய பாக்கி இங்கேதான் குவிந்து கிடக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டு 3 வருஷத்துக்குள் மனுப் போடலாம். தட்டு உடைந்தது, கிளாஸ் உடைந்தது என்று சம்பளத்தில் பிடித்ததையும் எழுதி வையுங்கள். உங்களிடம் விளக்கம் கேட்காமல் அப்படிப் பிடிக்க முடியாது.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வரவேண்டும் என்கிறது. பீர்மேடு, தேவிகுளம் பக்கத்துத் தமிழர்களுக்கு இது பெரிய பிடிமானம்.

ஆனால் மனுவில் தொடங்காதீர்கள். முதலில் உடன் வேலை பார்ப்பவர்களோடு உட்காருங்கள். வரும் டிப்ஸ் முழுவதும் ஒரு பொது டப்பாவில் விழட்டும். கார்டிலும் போனிலும் வருவதை கேஷியர் தனி நோட்டில் எழுதட்டும். சனிக்கிழமை தோறும் எல்லார் முன்னாலும் எண்ணிப் பிரித்துக்கொள்ளுங்கள். பரோட்டா மாஸ்டருக்கும், உள்ளே பாத்திரம் தேய்க்கும் வங்காளத்துப் பையனுக்கும் பங்கு கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளர் கண்ணில் படாததால் அந்தப் பையனுக்கு யாரும் தனியாகக் கொடுக்கப் போவதில்லை. முதலாளிக்கும் அவர் வீட்டு ஆட்களுக்கும் பங்கு கிடையாது. உங்கள் சொந்த போன் நம்பரை மேசையில் நீட்டுவது மட்டும் வேண்டாம். அதைக் காரணமாக வைத்தே வேலையை விட்டு நிறுத்துவார்கள்.

பிறகு நாலு பேராகப் போய் முதலாளியிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது அவர் டிப்ஸை இழுத்தால், ‘அதை அடுத்துப் பேசுவோம் முதலாளி, இப்போது சம்பளம்’ என்று திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்துங்கள். சம்பளம் பேசி முடிந்த பிறகு அந்த 600 ரூபாயைத் தேதியோடு கேளுங்கள்.