பச்சையாகவே வாடும் தக்காளிச் செடி

இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே இரண்டு நாளில் செடி தொங்கிவிட்டது, தண்ணீர் ஊற்றியும் எழவில்லை என்கிறீர்கள். எனக்கு பாக்டீரியா வாடல் மீதுதான் சந்தேகம். வீட்டிலேயே சோதிக்கலாம்: அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெண்ணிற இழை இறங்கினால் அதுதான். இழை வராமல், தண்டுக்குள் பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் ஃபியூசேரியம் பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் அடியிலைகளை மஞ்சளாக்கிவிட்டுத்தான் வாட்டும்.

எதுவானாலும் சரி, மருந்தடித்து இந்தச் செடியை மீட்க முடியாது. வேரோடு பிடுங்கிவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அதே மண்ணில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் வேண்டாம். அப்புறம், வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் பக்கத்துச் செடியில் வைத்துவிடாதீர்கள்!