பழைய மிக்ஸரில் இரைச்சல்

கேள்வி: எங்கள் சமுதாய வானொலியில் இருப்பது பழைய மிக்ஸர் (மைக், கம்ப்யூட்டர் ஒலிகளைக் கலக்கும் கருவி). ஒலிபரப்பில் எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தினால் கரகரப்பு வேறு. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் ஹெட்போனை மிக்ஸரிலேயே செருகிக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் போகும் ஆடியோ ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அது எர்த் லூப்: இரு கருவிகள் இரண்டு வழியில் எர்த் ஆகியிருக்கின்றன. அந்த ஒயரின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (ஒலியைக் கடத்தி, எர்த் தொடர்பைப் பிரிக்கும் சிறு கருவி) போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் கழற்றியும் நிற்கவில்லையென்றால், பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமிக்கும் உருளைகள்) உள்ளே காய்ந்திருக்கலாம். தலை உப்பியிருக்கும், அடியில் பழுப்புக் கறை படிந்திருக்கும். சில சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. அதே மைக்ரோஃபாரட் (சேமிப்பு அளவு), அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகமாகப் பார்த்து, மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். அணைத்த பின்னும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீங்களே கை வைக்க வேண்டாம்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் தூசு. ஃபேடருக்கென்றே உள்ள கிளீனரைத் துளி அடித்து, இருபது முறை மேலும் கீழும் நகர்த்துங்கள். துருநீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. பிசுபிசுப்பில் மறுபடி தூசு ஒட்டிக்கொள்ளும்.