கடனா, மானியமா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கையிருப்பில் ஓரளவு உபரிப் பணம் சேர்ந்துள்ளது. இப்பகுதியிலேயே சிறுதொழில் நடத்துவோருக்கு அதைக் கடனாகக் கொடுக்கலாம் என்று சிலரும், மானியமாகவே கொடுத்துவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது பயன் தரும்?

பதில்: இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கும் முன், சங்கமும் அதன் உறுப்பினர்களும் ஓராண்டில் எந்தெந்த வேலைகளை வெளியாட்களிடம் கொடுக்கிறீர்கள், அவற்றில் எவற்றை இப்பகுதித் தொழில்களுக்கே கொடுக்கலாம் என்று கணக்கெடுங்கள். தச்சு, மின்பழுது, அச்சு, தையல், கணக்கு எழுதுதல் என்று அந்தப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாகவே இருக்கும். மானியம் ஒருமுறை செலவாகிவிட்டால் அதோடு தீர்ந்தது. ஆனால் ஓராண்டுக்கு எழுத்தில் உறுதி செய்யப்பட்ட கொள்முதல் ஆணையை நம்பி, தொழில் நடத்துபவர் மூலப்பொருளை மொத்தமாக வாங்கலாம், ஓர் ஆளைக் கூடுதலாக அமர்த்தலாம், வங்கியில் கடன் கேட்கும்போது அதையே சான்றாகக் காட்டலாம்.

ஆணையைவிடவும் முக்கியமானது, பணம் கைக்கு வரும் நாள். கணக்கில் லாபம் காட்டும் தொழில்களும் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான கைப்பணம், இல்லாமல் மூடப்படுவதுண்டு. சரக்கைக் கொடுத்து மூன்று மாதம் கழித்தே பணம் வருமானால், அதுவரையிலான கூலி, வாடகை, வட்டி அனைத்தையும் விற்றவரே சுமக்கிறார். அதாவது, வாங்கியவருக்கு அவர் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். இந்தச் சிக்கல் சட்டம் இயற்றுமளவுக்குப் பெரியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் செலுத்தச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை, அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாள் கெடு விதிக்கிறது. உங்கள் சங்கம் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கங்களில் தாமதம் பெரும்பாலும் பணமின்மையால் வருவதன்று. 'அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிடலாம்' என்பதால் வருவது. ஆகவே ஒரு வரம்புக்குட்பட்ட தொகையைச் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு உடனே விடுவிக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றி வையுங்கள்.

தெரிந்தவர்தானே என்று விலையைக் குறைக்கச் சொல்வதும், அதே காரணத்தால் தரக்குறைவைப் பொறுத்துக்கொள்வதும் ஆதரவாகாது. குறை இருந்தால் இன்னது சரியில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். வெளிச்சந்தையில் அவருக்கு இதைச் சொல்ல யாரும் மெனக்கெட மாட்டார்கள். நிர்வாகிகளின் உறவினர் போட்டியில் இருந்தால், அந்த நிர்வாகி முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். ஒருவருடைய விற்பனையில் பாதிக்கு மேல் உங்களை மட்டுமே நம்பியிருக்கும் நிலை வந்தால், வேறு வாடிக்கையாளரைத் தேடும்படி அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

கடனைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் கூட்டுறவுக் கடன் சங்க முன்னோடியான ரைஃபைசன் பட்ட அனுபவம் கவனிக்கத்தக்கது. வசதி படைத்தவர்களின் கொடையை நம்பி அவர் தொடங்கிய உதவிச் சங்கங்கள் நிலைக்கவில்லை. 1864இல் ஹெட்டெஸ்டோர்ஃப் என்னும் ஊரில், கடன் வாங்குபவர்களையே உறுப்பினர்களாக்கி, கூட்டுப் பொறுப்பை அடிப்படையாகக் கொண்டு அமைத்த கடன் சங்கமே வேரூன்றியது. கடன் தவறினால் இழப்பு எல்லோருக்கும் என்றிருந்ததால், யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று அக்கம்பக்கத்தினரே கவனமாகப் பார்த்தார்கள். உங்கள் உபரிப் பணத்தில் அந்தக் கூட்டுப் பொறுப்பு இல்லை. மேலும், கடன் கொடுக்கச் சங்கத்தின் துணைவிதிகளும் நாட்டின் சட்டமும் இடமளிக்கின்றனவா என்று தணிக்கையாளரிடம் கேட்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக, கொடுத்த ஆணையின் மதிப்பில் மூன்றிலொரு பங்கை முன்பணமாகத் தரலாம். திருப்பிச் செலுத்துவது பொருளாகவே வந்துவிடும். மானியத்தை உரிமக் கட்டணம், தரச்சான்று, கணக்குப் பயிற்சி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு மட்டும், ரசீதைப் பெற்றுக்கொண்டு கொடுங்கள்.